மூன்றாம் ஓலை

காசியானோ மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், தோரிபியாவின் கல்யாணம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்திருக்கும்.

மலை ஊர்க்காரர்களையும் கடற்கரை ஊர்க்காரர்களையும் வேதத்தில் சேர்த்துச் சாமியார்கள் குடிவைத்த சாந்தா ரூஃபினா மிஷனில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பீடத்திலிருந்து அறிவிப்பார். தோரிபியாவுக்கும் நெமேசியோவுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. ஒருவரும் இருமக்கூட இல்லை. மூன்றாம் ஓலைக்கு முன்னால் சாட்சி விசாரணை என்று ஒன்று உண்டு. அது பெயருக்குத்தான். தெரிந்த ஆள் ஒருவர் வந்து சிலுவையைத் தொட்டு, இவர்கள் ரத்த உறவு இல்லை, பழைய புருஷனோ பெண்டாட்டியோ உயிரோடு இல்லை என்று சொன்னால் போதும்.

அதற்குத் தோரிபியா காசியானோவைக் கூப்பிட்டிருந்தாள். காளை முட்டிச் செத்துப்போன அவள் புருஷனுக்கு அவன் தாய்மாமன். மிஷனின் ஆட்டுக் கிடையில் வருஷம் முழுக்க ஆடுகளோடு கிடப்பவன். அதனாலேயே மனிதர்களைக் கண்டால் அவனுக்குப் பேச்சு நிற்காது.

"இந்தப் பொண்ணோட புருஷன் செத்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அந்தோலின் சாமியார். பேனாவை மையில் தோய்த்துத் தயாராக வைத்திருந்தார்.

"தெரியுமாவா? நான்தானே சாமி தூக்கிட்டு வந்தேன்! வயித்துல இருந்து குடலு…"

"ஆமா, இல்லைன்னு சொன்னா போதும்."

"ஆமா."

"ரெண்டு பேருக்கும் ரத்த சொந்தம் உண்டா?"

"எங்க இருந்து சாமி? அவன் கடற்கரை ஊர்க்காரன், இவ மலை ஊர்க்காரி. முன்னாடியெல்லாம் ரெண்டு ஊர்க்காரங்களும் பாத்தா அம்புதான் பேசும்."

சாமியார் எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது தடை?"

இல்லை என்று சொல்லிவிட்டு அவன் ஆடுகளிடம் திரும்பியிருக்கலாம். ஆனால் நெமேசியோவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் போக அவனுக்கு மனம் வரவில்லை.

"தடையா? இவனை மாதிரி ஆளு இந்த மிஷன்லயே கிடையாது சாமி. கிடையில இவளுக்குப் பிள்ளை பொறந்து, பொறந்ததும் மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. நீங்க அப்ப காய்ச்சல்ல படுத்திருந்தீங்க. யாரு ஓடி வந்தது? இந்த நெமேசியோதான். மழைல நனைஞ்சுக்கிட்டு வந்து, அவன் கையாலதான் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தான். இல்லாட்டி அந்தப் பச்ச மண்ணு என்ன கதி ஆயிருக்கும், சொல்லுங்க!"

பேனா நின்றது. மைச் சொட்டு ஒன்று தாளில் விழுந்து பரவியது.

தோரிபியா நெமேசியோவைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. கோயில்பிள்ளையாக இத்தனை வருஷம் மணியடித்து, செபம் சொல்லிக் கொடுத்து, அவசரத்துக்கு ஞானஸ்நானமும் கொடுத்தவன் அவன். சாமியார் வாய் திறப்பதற்கு முன்பே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இத்தனை நாள் அது அவன் தலையில் உறைக்கவில்லை, அவ்வளவுதான். ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்றால் குழந்தையைக் கையில் ஏந்துபவர்கள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"தண்ணி ஊத்துறவனும் அந்தப் பிள்ளைக்கு ஆத்துமத் தகப்பன்தான்," என்றார் சாமியார். "ஆத்துமத் தகப்பனும் பெத்த தாயும் அண்ணன் தங்கச்சி மாதிரி. கல்யாணம் பண்ண முடியாது. திருச்சபையோட சட்டம்."

"அண்ணன் தங்கச்சியா?" காசியானோ பதறினான். "சாமி, நான் அவனை நல்லவன்னு சொல்லத்தானே…"

"இந்தத் தடையை நீக்கி வைக்க எனக்கு அதிகாரமில்ல. ஆயருக்கு எழுதணும். பதில் கப்பல்ல வரணும்."

கப்பல் எங்கே வரப் போகிறது? மெக்சிகோவில் கலகம் தொடங்கியதிலிருந்து ராஜாவின் கப்பல் இந்தக் கரைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சாமியாருக்கே சாக்லேட் தீர்ந்துபோய், வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்து முகம் சுளித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

தோரிபியா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். கல்யாணம் இல்லை என்றால் கன்னிமாடம்.

கல்யாணமாகாத பெண்களும், புருஷனை இழந்து வயது மிச்சமிருக்கிற பெண்களும் பொழுது சாய்ந்ததும் அடைபடுகிற கூடத்துக்கு அந்தப் பெயர். கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். உள்ளே ராத்திரி அவசரத்துக்கு ஒரு மரத் தொட்டி, வரிசையாகப் பாய்கள், ஓயாத இருமல். ஒருத்திக்கு இருமல் வந்தால் ஒரு குளிர்காலத்துக்குள் அவளுக்குப் பக்கத்துப் பாய்க்காரிக்கும் வரும். அங்கிருந்து வெளியே போக இரண்டே வழி. ஒன்று, கல்யாணம் பண்ணிக்கொண்டு குடும்ப வரிசையில் ஒரு வீட்டுக்குப் போவது. இன்னொன்று, போர்வையில் சுற்றிப் போவது. சென்ற மாதம் மட்டும் தோரிபியாவின் வரிசையில் இருவர் இரண்டாவது வழியில் போயிருந்தார்கள். அவளுக்கும் விடியற்காலையில் நெஞ்சில் ஏதோ கரகரக்கத் தொடங்கியிருந்தது.

சாமியார் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"அந்த ஞானஸ்நானம் செல்லாததா இருந்தா தடை கிடையாது. தண்ணிக்குப் பதிலா பால், கஞ்சி, எச்சில்னு எதையாவது ஊத்தியிருந்தா அது ஞானஸ்நானமே இல்ல. வியாழக்கிழமை மூணு பேரும் வாங்க. அன்னைக்குக் குடிசையில என்ன நடந்துச்சுன்னு சத்தியம் வாங்கிக் கேப்பேன். நல்லா ஞாபகப்படுத்திக்கிட்டு வாங்க."

அவர் சட்டத்தைத்தான் சொன்னாரா, அல்லது கதவை லேசாகத் திறந்துவிட்டாரா என்று அந்த முதுகைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

வெளியே வந்ததும் காசியானோ கையைப் பிசைந்தான். "நான் நல்லதாத்தானே சொன்னேன் புள்ள?"

"மாமா, நீ ஆட்டுக்கிட்டயே பேசு," என்றாள் தோரிபியா.

*

அன்றைக்குக் குடிசையில் என்ன நடந்தது என்பது தோரிபியாவுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. மழை பெய்த மத்தியானம். சுவரோரம் இரண்டு கூடைகள். தார் பூசிய ஒன்றில் ஓடைத் தண்ணீர். மற்றொன்றில் ஓக் கொட்டை மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி. நெமேசியோ தலையிலிருந்து மழை சொட்டச் சொட்ட உள்ளே வந்து, தார் பூசிய கூடையில் கையை விட்டு அள்ளி, குழந்தையின் நெற்றியில் ஊற்றினான். "இனேஸ், உன்னைக் கழுவுகிறேன்…" தண்ணீர் காதோரம் வழிந்தது. குழந்தை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. மறுநாள் செத்துப்போனது.

தண்ணீர்தான். அதில் சந்தேகமே இல்லை.

புதன்கிழமை நெமேசியோ பீடத் துணிகளை எடுத்துக்கொண்டு துவைக்கும் தொட்டிக்கு வந்தான். அது அவன் வேலைகளில் ஒன்று என்பதால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆனாலும் கன்னிமாடத்துச் சாவிக்காரி செனோபியா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கண்ணை இடுக்கினாள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.

"என்ன கோயில்பிள்ள, துணி தோய்க்க வந்தியா, தங்கச்சியைப் பாக்க வந்தியா?"

தொட்டியைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். விஷயம் மிஷன் முழுக்கப் பரவியிருந்தது. தோரிபியாவின் தோழி அகபீத்தா மட்டும் சிரிக்காமல் தண்ணீரை செனோபியாவின் காலில் தெறிக்கிற மாதிரி துணியை ஓங்கி அடித்தாள். செனோபியா திட்டிக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

நெமேசியோ தோரிபியாவுக்குப் பக்கத்துக் கல்லில் துணியை விரித்தான்.

"கஞ்சின்னு சொல்லிடலாம்," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"என்னது?"

"சாமிதான் சொன்னாரே. கஞ்சின்னா செல்லாது."

"அது தண்ணி தோரிபியா. நான் கண்ணால பாத்தேன். கஞ்சின்னு சொன்னா என்ன அர்த்தம் தெரியுமா? பிள்ளை மோட்சத்துல இல்லன்னு அர்த்தம். எங்கயோ இருட்டுல கிடக்குதுன்னு அர்த்தம்."

"நாம சொல்றதால மோட்சத்துல இருக்குறவ இறங்கி வந்துடுவாளா? எது தண்ணின்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

நெமேசியோ துணியைத் தண்ணீரில் முக்கினான். ஞானோபதேசத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. இந்தக் கேள்வி அதில் இல்லை.

"கல்லறையில இருந்து தோண்டி எடுத்துடுவாங்க," என்றான் பிறகு. "ஞானஸ்நானம் இல்லாத உடம்பை மதிலுக்குள்ள வைக்க மாட்டாங்க."

"எடுக்கட்டும். எங்கம்மா ஊர்ல வண்ணக் கழி நட்ட இடம் இருக்கு. எங்க ஆளுங்க எல்லாம் அங்கதான் கிடக்காங்க. இங்க ஒருத்தர் மேல ஒருத்தரைப் போட்டுப் புதைக்கிறீங்களே, என் பிள்ளைக்கு மேல இப்ப யாரு கிடக்காங்கன்னு உனக்காவது தெரியுமா?"

"சத்தியம் பண்ணிப் பொய் சொன்னா நான் நரகத்துக்குப் போவேன்."

"நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன். நீ பேசாம நின்னா போதும். எனக்கு நரகம் புதுசு இல்ல. தினம் சாயங்காலம் செனோபியாதான் பூட்டுறா."

அவன் துணியைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான்.

"உன் கூடப் பொறந்த தங்கச்சி செத்த மூலையிலதான் இப்ப எனக்குப் பாய்," என்றாள் தோரிபியா. "சுவர்ல அவ நகத்தால கீறி வெச்ச மீன் இன்னும் இருக்கு."

நெமேசியோ துணியைப் பிழியாமலே கூடையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று.

"என்னடி, அண்ணன் கோச்சுக்கிட்டாரா?" என்றாள் செனோபியா.

*

வியாழக்கிழமை தோரிபியா சிலுவையைத் தொட்டு, கூடையில் இருந்தது ஓக் கொட்டைக் கஞ்சி என்றாள். நீர்க்கக் காய்ச்சியது, அவசரத்தில் பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"யாரும் கேக்கல சாமி."

அடுத்தது காசியானோ. தான் கெடுத்ததைத் தானே சரி செய்துவிட வேண்டும் என்ற வெறியோடு வந்திருந்தான்.

"கஞ்சிதான் சாமி! நல்ல கெட்டிக் கஞ்சி! உள்ள முயல் கறி கூடக் கிடந்துச்சு. பிள்ள நெத்தியில ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு…"

"நீர்க்க இருந்துச்சுன்னு இவ சொல்றா."

"மேல நீர்க்க, அடியில கெட்டி," என்றான் காசியானோ, அசராமல்.

சாமியார் கண்ணை மூடித் திறந்தார். "நெமேசியோ. நீ சொல்லு."

நெமேசியோ தொண்டையைச் செருமினான். "குடிசைக்குள்ள இருட்டு சாமி. மழை. சுவரோரம் ரெண்டு கூடை இருந்துச்சு."

"எதுல கைய விட்டே?"

நடுப்பகல் மணி அடிக்க வேண்டிய நேரம் அது. அடிக்க வேண்டியவன் இங்கே நின்றுகொண்டிருந்ததால் மணி அடிக்கவில்லை. வயலில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். தோரிபியா தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அந்த மீன் கீறிய சுவர்தான்.

"ரெண்டுல ஒண்ணுல சாமி," என்றான் நெமேசியோ.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சாமியார் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. கஞ்சியில் ஞானஸ்நானம் கிடையாது. ஆகவே தடையும் கிடையாது. மூன்றாம் ஓலை ஞாயிறன்று வாசிக்கப்படும். குழந்தையின் உடல் கல்லறையை விட்டு வெளியே போக வேண்டும். தண்ணீருக்கும் கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாதவன் கோயில்பிள்ளையாக இருக்க லாயக்கில்லை. நெமேசியோ நாளையிலிருந்து தோல் பதனிடும் கொட்டகைக்குப் போகலாம்.

நெமேசியோ கோயில் சாவியை மேஜை மேல் வைத்தான். அதை அங்கே வைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் காலை காசியானோ தோண்டினான். குழந்தையைச் சுற்றியிருந்த புல்பாய் கெடாமல் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. தோரிபியா அதை வாங்கி ஒரு புதுக் கூடையில் வைத்தாள். துணைக்குக் கங்காணி ஒருவனை அனுப்பி, அன்று ஒரு நாள் மட்டும் மலைக்குப் போய்வர சாமியார் அனுமதித்தார். அவளுடைய அம்மா ஊரில் ஐந்தாறு குடிசைகள்தான் மிச்சமிருந்தன. அவர்கள் வந்து குழி வெட்டினார்கள், பாடினார்கள், புதிதாக ஒரு கழிக்குச் சிவப்பும் கறுப்பும் பூசி நட்டார்கள். கங்காணியும் அந்தப் பக்கத்து ஆள்தான். முதலில் மரத்தடியில் தள்ளி உட்கார்ந்திருந்தவன், பாட்டின் பாதியில் எழுந்து வந்து சேர்ந்துகொண்டான். இதைச் சாமியாரிடம் சொல்ல வேண்டாம் என்று திரும்பும் வழியில் கேட்டுக்கொண்டான்.

*

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சனிக்கிழமை காலை தொட்டியடியில் அகபீத்தா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"அந்தக் கூடை எப்படி இருந்துச்சு?"

"எந்தக் கூடை?"

"கஞ்சிக் கூடைடி. சாமி கேட்டா நான் ஒழுங்கா சொல்லணும்ல?"

தோரிபியாவின் கையிலிருந்த துணி நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. அம்மை வந்த வருஷம் அகபீத்தாவின் மகனுக்கும் நெமேசியோதான் ஞானஸ்நானம் கொடுத்தான். அந்த வருஷம் அவன் கையால் தண்ணீர் வாங்கிச் செத்த குழந்தைகள் இந்த மதிலுக்குள் நிறையக் கிடந்தார்கள்.

"உனக்கு எதுக்குடி இது? நீ கல்யாணமா பண்ணப் போற?"

"கல்யாணம் யாருக்கு வேணும்? எம் பையனை வெளிய எடுக்கணும். நீ உன் பிள்ளையைக் கொண்டுபோய் நம்ம ஆளுங்களோட படுக்க வெச்சுட்டு வந்தியாமே. கங்காணி பாடினானாமே."

கங்காணி தானே எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

மத்தியானத்துக்குள் சாமியார் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தியின் குழந்தைக்கு பார்லிக் கஞ்சி. ஒருத்தியின் குழந்தைக்கு எலும்பு சூப். ஒருத்தி, தண்ணீரே இல்லை, நெமேசியோ அழுதுகொண்டிருந்தான், கண்ணீர்தான் விழுந்தது என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று சாமியார் கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதில் வைத்திருந்தார்கள்: யாரும் கேட்கவில்லை.

உள்ளே மேஜையில் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. பிறகு தோரிபியாவுக்கு ஆள் வந்தது.

சாமியார் தரையில் கிடந்த கோப்பைத் துண்டுகளைத் தாண்டி முன்னும் பின்னும் நடந்தார். "இங்க பாரு. உன் கூடையில இருந்தது தண்ணின்னு சொல்லிடு. உன்னைத் தண்டிக்க மாட்டேன். கசையடி கிடையாது, ஒண்ணும் கிடையாது. இந்தப் பொம்பளைங்க அடங்கிடுவாங்க. இல்ல, கஞ்சிதான்னு நிப்பேன்னா, அவங்க சொல்றதையும் நான் எடுத்துக்கணும். பாதிக் கல்லறையைத் தோண்டணும். எந்த எலும்பு எந்தப் பிள்ளையோடதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"தண்ணின்னு சொன்னா ஓலை?"

"ஓலை ஏது? நீ கன்னிமாடத்துக்குப் போ. கப்பல் வரட்டும், பாக்கலாம்."

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் நிற்பது தெரிந்தது. அகபீத்தா முன்வரிசையில் இருந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவு. வெறும் கையோடு வந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு புதுக் கூடையை வைத்திருந்தாள்.

தோரிபியா யோசித்தாள். கஞ்சிதான் என்று நின்றால் சாமியார் தோண்டமாட்டார். தோண்ட அவருக்குத் தைரியம் வராது. மதிலுக்குள் கிடப்பவர்கள் யார், செல்லுமா செல்லாதா என்று ஒரு முறை கேட்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். இனேஸை மறுபடி உள்ளே கொண்டுவரவும் அவரால் முடியாது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தையை மதிலுக்கு வெளியே வீசினேன் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதைக் காட்டிவிட்டால் தனக்கும் வழி கிடைக்கும். அந்த வழியில் அகபீத்தாவுக்கு இடமில்லை.

"என் கூடையில கஞ்சி சாமி," என்றாள். "மத்தவங்க கூடையில என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ரெண்டு பேர் சாட்சி இருந்தாங்க. அவங்களுக்கு யாரு இருக்கா?"

சாமியார் நடையை நிறுத்தினார். அவளை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஆமா," என்றார் கடைசியில். "பெத்தவ வார்த்தையை மட்டும் வெச்சு ஒரு ஞானஸ்நானத்தை இல்லைன்னு சொல்ல முடியாது. முடியவே முடியாது." வாசலுக்குப் போய் அதையே சத்தமாகச் சொன்னார். இனி இந்த மிஷனில் யாராவது கஞ்சி என்று வாயெடுத்தால் கசையடி என்றும் சொன்னார். கஞ்சியைத் தவிர வேறு காலை உணவே இல்லாத இடத்தில் அது கடினமான சட்டம்தான். யாரும் சிரிக்கவில்லை.

பெண்கள் கலைந்தார்கள். அகபீத்தா கடைசியாகக் கிளம்பினாள். புதுக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே இருந்த புல்லை உதறிவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அகபீத்தா…"

"ஒண்ணும் சொல்லாதே. நீ முந்திக்கிட்டே. அவ்வளவுதான்."

அன்று இரவு கன்னிமாடத்தில் அகபீத்தா தன் பாயை வேறு வரிசைக்கு மாற்றிக்கொண்டாள்.

*

ஞாயிறன்று மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது கோயில் அமைதியாக இருந்தது. காசியானோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். பூசை முடிந்ததும் கல்யாணம். மோதிரத்தை மற்ற ஜோடிகளுக்குப் போடுவது போலவே மிஷன் பெட்டியிலிருந்து எடுத்து, போட்டு, உடனே கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள்.

சாயங்காலம் குடும்ப வரிசையில் கடைசி வீடு அவர்களுக்குக் கிடைத்தது. புதுக் கோயில்பிள்ளைக்கு மணி அடிக்கத் தெரியவில்லை. கல்லை உருட்டிவிட்ட மாதிரி அடித்தான். நெமேசியோ ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தான். அவன் கையில் தோல் ஊறவைக்கிற பட்டையின் நாற்றம் இப்போதே ஏறியிருந்தது. மணி ஓய்ந்ததும் முற்றத்துக்கு அப்பால் செனோபியா பூட்டுகிற சத்தம் கேட்டது. தோரிபியா தன் கதவைச் சாத்தினாள். பிறகு திறந்தாள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்தினாள்.

திரும்பியபோது நெமேசியோ தன் பாயை அடுப்புக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக விரித்துக்கொண்டிருந்தான்.

"அங்க எதுக்கு?"

"தண்ணிதான் அது," என்றான் அவன். "உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ இனேஸோட அம்மா. நான் அவளுக்கு ஆத்துமத் தகப்பன். சாமி எழுதினது சாமியோட. உன்னை அந்தக் கூடத்துல விட எனக்கு மனசு வரல, கூட்டிட்டு வந்துட்டேன். மத்தது எனக்கு முடியாது."

"சரி," என்றாள் தோரிபியா.

அவள் கேட்டது கதவு. கதவு கிடைத்துவிட்டது. நெஞ்சுக் கரகரப்புக்கு நல்லது என்று அடுப்புப் பக்கமாகப் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிடைக்குப் போவதற்கு முன்பு இந்த வீட்டில் இருந்தது காசியானோ. கூரை எங்கே எப்படி என்று அவன் காலையிலேயே வளவளவென்று சொல்லித் தீர்த்திருந்தான். அடுப்புக்கு அந்தப் பக்கம், சுவரோரம், முதல் மழைக்கே ஒழுகும்.

மழைக்காலத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவள் அவனிடம் அதைச் சொல்லவில்லை.